மைக் இல்லாத மண்டபம்

காது பரிசோதகர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் "உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில், துக்கம் விசாரிக்கப் போகிறவருக்கு வாசலில் வருகிற மாதிரி ஒரு கனிவு வரும். ஆள் வெளியே போனதும் அந்தக் கனிவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "மந்தம்" என்றால் லேசான குறை. "கட்டை" என்றால் நடுத்தரம். "டமாரம்" என்றால், பக்கத்தில் இடி விழுந்தாலும் 'யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே' என்று திரும்பிப் பார்க்கிற ரகம். மூன்றும் அவரே கண்டுபிடித்த தரங்கள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள், குளியலறைக் குழாய் சொட்டுவது தானாக நின்றுபோனது. நல்ல குழாய் என்று மெச்சிக்கொண்டார். பிறகு கையை நீட்டிப் பார்த்தால் கை நனைந்தது.

மறுநாள் தன் காது மெஷின் கடையில் ஆளில்லாத மதியமாகப் பார்த்து, சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள், கடைக்காரர்கள் கூண்டு என்று சொல்கிற அந்த அறைக்குள், சோதனை மெஷினையும் தூக்கிக்கொண்டு தானே போய் உட்கார்ந்து தன்னையே சோதித்துக்கொண்டார். வரைபடத்தில் கோடு மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கியது. காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். ஊருக்கெல்லாம் மெஷின் மாட்டுகிறவன் தன் காதிலும் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றால், பல் வைத்தியன் பொக்கை வாயோடு சிரிக்கிற மாதிரி இருக்காதா? யாரிடமும் மூச்சு விடவில்லை. நேருக்கு நேர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்; மற்றதற்கெல்லாம் "அப்படியா", "ம்", "உன் இஷ்டம்" ஆகிய மூன்று பதில்களை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார். நியாயமாகச் சொன்னால், குடும்பம் முன்னைவிட நன்றாகவே நடந்தது.

கெட்டது வெளிநாட்டுப் பயணத்தால்தான்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் வயலின் டீச்சர். "இத்தனை வருஷமா பிள்ளைங்க அறுக்கிறதைக் கேட்டுக் கேட்டு என் காதே ரம்பமாயிடுச்சு. ஒருதரமாவது ஒழுங்கா வாசிக்கிறதை நேர்ல போய்க் கேக்கணுங்க" என்றார். இருவரும் லீவு சேர்த்தார்கள். டீச்சர் வெளிநாட்டில் ஒரு இசை விழாவையும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏரிக்கரையில பழைய கல் மண்டபங்க. நாலே பேர் வாசிப்பாங்க. மைக்கே கிடையாதாம். வில்லு தந்தியைத் தொடறதுகூடக் கேக்குமாம்!"

தந்தியைத் தொடுவது இருக்கட்டும், தந்தியைப் பிடுங்கினால்கூடத் தன் காதில் விழுமா என்பது பரிசோதகருக்கே சந்தேகம். பக்கத்தில் மனைவி கண்கலங்கிக் கேட்டுக்கொண்டிருப்பாள், நாம் நாலு பேர் தோளைச் சொறிந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"அதே வாரத்துல இன்னொரு விழா இருக்கும்மா" என்றார். "பெரிய மைதானம். வீடு உசரத்துக்கு ஸ்பீக்கர். மூணு நாளும் அங்கேயே கூடாரம் போட்டுப் படுத்துக்கலாம்."

"கூடாரத்துலயா? மெத்தையிலயே உங்களுக்கு முதுகுக்கு ஒண்ணு, முட்டிக்கு ஒண்ணுன்னு தலகாணி வேணும்."

"மனசு இளமையா இருக்கணும்."

"மனசு இருந்துட்டுப் போகட்டும். மூட்டு?"

அவர் விடவில்லை. சேற்றில் நடக்க ரப்பர் பூட்ஸ்கூட வாங்கிவந்துவிட்டார். இதே மாதிரி விழாவுக்குப் போய்வந்து காதுக்குள் ரீங்காரம் என்று அழுத பிள்ளைகளை, "காதுன்னா என்ன, வாடகை சைக்கிளா? ஸ்பீக்கர் முன்னாடி போய் ஏன்டா நின்னே?" என்று திட்டியவரும் இவரே. இப்போது ஸ்பீக்கர் முன்னால் நிற்கத்தான் இடம் தேடினார்.

கல் மண்டபத்தில் இடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் டீச்சர் சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் வீட்டுல வாசிச்சாலும் இப்பெல்லாம் நீங்க வந்து உக்காரறதில்ல. என் வாசிப்பு அலுத்துப்போச்சா?"

காது கேட்கவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பரிசோதகர் வாயைத் திறந்தார்.

"ஆமா" என்றார். "அந்த மாதிரி சங்கீதமே எனக்கு அலுத்துப்போச்சு."

டீச்சரின் முகம் எப்படி ஆனது என்பதைக் கேட்கக் காது தேவையில்லை. அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு லேசாக அசைந்தது. ஏதோ சொல்கிறார் போல. பரிசோதகர், "ம்" என்றார். முதுகு மறுபடி அசைந்தது. "உன் இஷ்டம்" என்றார். பிறகு போய் ரப்பர் பூட்ஸைப் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. அதுவே ஒரு அசிங்கமாகப் பட்டது.

மறுநாள் மாலை, வரவேற்புப் பெண் கிளம்பிய பிறகு டீச்சர் கடைக்கு வந்தார். கைப்பையை மேஜையில் வைத்தார்.

"உள்ள போய் உக்காருங்க."

"எதுக்கும்மா?"

"சும்மா. ஒரு ஆசை."

மறுத்தால் சந்தேகம். உட்கார்ந்தால் ஆபத்து. ஆனால் சோதனை மெஷினின் தலை எது வால் எது என்று அவளுக்குத் தெரியாதே என்ற தைரியத்தில் கூண்டுக்குள் போனார், ஹெட்போனை மாட்டிக்கொண்டார், கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானைக் கையில் எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் மெஷின் முன் உட்கார்ந்தார். கை மேஜைக்குக் கீழே இருந்தது. தோள் மட்டும் தெரிந்தது.

அந்தத் தோள் கொஞ்சம் அசைந்தது. பரிசோதகர் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அசைந்தது. மறுபடி அழுத்தினார். லேசாகத்தான் கேட்கிறது என்று காட்ட, ஒருதடவை புருவத்தைச் சுருக்கிவிட்டு அழுத்தினார். நடிப்பிலும் ஒரு நேர்த்தி வேண்டாமா?

டீச்சர் எழுந்தார். கையை மேஜைக்கு மேலே தூக்கிக் காட்டினார். விரல்களில் ஹெட்போனின் வயர் தொங்கியது. அது மெஷினில் செருகப்படவே இல்லை.

காது கேட்காதவர்கள் மெஷின்காரரின் தோளைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவார்கள் என்பதும், அவர்களைப் பிடிக்கச் சத்தமே கொடுக்காமல் தோளை மட்டும் அசைக்க வேண்டும் என்பதும் பரிசோதகரின் சொந்த வித்தை. சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்கிறாள். அவள் சொன்னதைத்தான் இவர் கேட்கவில்லை.

டீச்சர் கூண்டின் கதவைத் திறந்துகொண்டு வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நேத்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'அப்ப நாம பிரிஞ்சிடலாமா'ன்னு கேட்டேன். 'ம்'னீங்க. 'நிஜமாத்தான் சொல்றீங்களா'ன்னேன். 'உன் இஷ்டம்'னீங்க. ராத்திரி முழுக்க அழுதேன். விடிஞ்சப்புறந்தான் எனக்கே உறைச்சுது, இந்த மனுஷன் காதுல எதுவுமே விழலைன்னு."

பரிசோதகர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் முகம் இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும்.

"காது போனதுக்கு மெஷின் இருக்கு. என் வாசிப்பு அலுத்துப்போச்சுன்னு வாய் கூசாம சொன்னீங்களே, அதுக்கு எதை மாட்டறது?"

அவர் விற்கும் எந்த மாடலும் அதற்குப் பொருந்தாது. "வெக்கமா இருந்துச்சும்மா" என்றார்.

"இப்ப?"

"இப்ப இன்னும் அதிகமா."

"இருக்கட்டும்" என்றார் டீச்சர். கைப்பையை எடுத்துக்கொண்டார். "கல் மண்டபத்துல ரெண்டு இடம் போட்டாச்சு. மெஷின் மாட்டிக்கிட்டு வந்தா ஒண்ணு உங்களுக்கு. இல்லாட்டி என் தங்கச்சிக்கு. அந்த பூட்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலையில் பரிசோதகர் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, கடையிலிருப்பதிலேயே சின்ன மெஷினைக் காதில் மாட்டினார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "வெளிய தெரியுதா?" என்று கேட்டார். அத்தனை வாடிக்கையாளர்களும் கேட்ட அதே கேள்வி. அவர்கள் போன பிறகு அவர் நடித்துக் காட்டிச் சிரித்த அதே கேள்வி.

"தெரியுது" என்றார் டீச்சர். இரக்கமே இல்லை.

கடைக் கதவைத் தள்ளியபோது அது கீச்சிட்டது. இத்தனை நாளும் இப்படியா கத்திக்கொண்டிருந்தது? வரவேற்புப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தும் வழக்கமே விட்டுப்போயிருக்கும்.

"இல்லடி, டமாரம் இன்னும் வரல. வந்தா மட்டும் என்ன, நீ பாட்டுக்குப் பேசு."

தலைக்குள் எதுவோ இடிந்து விழுந்தது. மெஷின் நல்ல மெஷின்தான், ஒரு எழுத்துகூட விடாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போய், கேட்காதவராகத் திரும்பி வரலாமா என்று ஒரு கணம் நின்றார். கை காதுவரை போனது. பிறகு நடந்துபோய் அவள் மேஜை முன் நின்றார்.

"வந்துடுச்சும்மா" என்றார். "அந்த ஏரிக்கரை வாரத்துல யாருக்கும் நேரம் குடுத்துடாத."