தூங்குகிறவன் படம்

எங்கள் றப்பர் தோட்டத்துப் பங்களாவில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு நான் சேர்ந்த வருடம், ஸ்டோர் அறையிலிருந்து கண்ணாடி போட்ட ஆறு பழைய படங்களை எடுத்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் செம்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை என்றார் துரை. ஒரே பட்டறையில் இரண்டு வாலிபர்கள். ஒருவன் குனிந்து வேலை செய்கிறான். மற்றவன் வாயைப் பிளந்து தூங்குகிறான். உழைத்தவனுக்குக் கல்யாணம், மாடி வீடு. தூங்கியவனுக்குச் சூதாட்டம், விலங்கு, கடைசியில் தூக்குமரம். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும் என்றே முகங்களைக் கோணலாக வரைந்திருந்தார்கள். தூக்குமரத்தைச் சுற்றி நின்ற கூட்டமும் சிரித்தது. அந்தப் படத்தைத் துடைக்கும்போது மட்டும் நான் கண்ணாடியை உற்றுப் பார்க்கமாட்டேன்.

துரைக்கு அவை மிகவும் பிடித்துப்போயின. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் மாட்டச் சொன்னார். என் தம்பி றப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன். அந்த வாரம் இரண்டு நாள் பிந்திப் போனான். துரை அவனைப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இதுல நீ யாரு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "தூங்குறவன் சேர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் குடியிருந்த லயத்தில் அவனுக்கு அதுவே பேராகிவிட்டது.

பிறகு மழை பிடித்தது. பால்வெட்டு நின்று, ஆண்களைத் தண்ணீர் வடியக் கான் வெட்ட அனுப்பினார்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தும் தம்பி நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நின்றான். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க ஏறினாலும் அவன் ஏறமாட்டானாம். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை அவன் எழும்பவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா, காய்ச்சலா இருக்கு. கெண்டக்காலு கடுக்குது. இன்னைக்கி போகல."

"போகாம படுத்துக் கெடந்தா தொர சொன்னது சரின்னுதான் ஆகும். எந்திரி" என்றேன்.

எழுந்து போனான். மறுநாளும் போனான். மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கானுக்குள்ளேயே விழுந்துவிட்டான். ஆட்டோவில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல், சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார் டொக்டர். "ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும், நான் சொன்னதை எந்தப் பாஷையில் சொல்ல?

பிழைத்துவிட்டான். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். பாரம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது. இப்போது பகலெல்லாம் வீட்டில்தான். நான் வேலை முடிந்து படியேறும்போது, உட்கார்ந்திருக்கிறவன் சட்டென்று எழும்பித் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறான்.

"உக்காருடா" என்கிறேன்.

"இல்லக்கா, இப்பதான் உக்காந்தேன்" என்கிறான். நான் உள்ளே போகும்வரை நின்றுகொண்டே இருக்கிறான்.