ஜிம்மிக்குச் சொன்ன கதை

மகள் கிளிநொச்சியில் இருந்து ஒரு நாவல் வாங்கி வந்தாள். செங்கல் மாதிரித் தடிப்பு. "அம்மா, ஒரு குடும்பத்தின்ர அன்பும் கோபமும். மூண்டு தலைமுறை. வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மெல்ல மெல்லக் கொஞ்சப் பக்கம் போனேன். தகப்பனும் மகனும் முகத்துக்கு முகம் பார்த்து, நீளமாகப் பேசிக் கோபிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வசதி இருக்கவில்லை.

புத்தகத்தை மூக்கருகே பிடித்தேன். என்னைப் போன்றவர்கள் புத்தகத்தோடு செய்வது அதுதான். மட்டையில் பசை மணம். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடும் சொலூசன் மாதிரி. அந்த மணம் வந்தால் அப்பு வந்துவிடுவார். என் அப்பாவின் தகப்பன். வட்டக்கச்சி வளவில் மாமரத்தின் கீழ் குந்தியிருந்து, யாரையோ திட்டியபடி ஒட்டுப் போடுவார். யாரையோ என்ன, என் அப்பாவைத்தான்.

அப்பா அம்மாவை விரும்பிக் கூட்டிக்கொண்டு ஓடியது அப்புவின் அந்தச் சைக்கிளில். கேட்காமல் எடுத்தது. அம்மாவைப் பாரில் இருத்தி மிதித்தவர், ஒரு மதகில் கொண்டுபோய் மோதிவிட்டார். முன் சில்லு றிம் நெளிந்தது. தாலி கட்டித் திரும்பி வந்த அன்று அப்பு மருமகளிடம், "உள்ளுக்கு வா பிள்ளை" என்றார். மகனோடு பேச்சை நிறுத்தினார்.

"பெட்டையைக் கூட்டிக்கொண்டு போனதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. றிம்மை நெளிச்சது ஆர்?" இதை அவர் கேட்டது வீட்டு நாய் ஜிம்மியிடம்.

"அப்ப நான் அவ்வளவு பாரம் எண்டுறாரோ?" என்றார் அம்மா. அம்மாவின் கோபம் தனி. அதைத் தொடங்கினால் மகளின் நாவல் போதாது.

பிறகு ஒரே வளவு, ஒரே கிணறு, இரண்டு அடுப்பு, நடுவில் ஜிம்மி. ஜிம்மி செத்தால் அடுத்த நாய்க்கும் ஜிம்மி என்றே பெயர். புதுப் பெயர் வைக்க இரண்டு பேரும் கலந்து பேச வேண்டுமே.

விதைப்பு நாளில் அப்பா நெல் வீச, அப்பு வரம்பில் நிற்பார். "ஜிம்மி, உவன் விதைக்கிறானோ, கோழிக்கு எறியிறானோ?" அப்பா நிமிராமல், "ஜிம்மி, கிழவனை வழுக்கி விழாமல் நிக்கச் சொல்லு." அது அன்பு. எங்களுக்கு அந்த அளவில்தான் கிடைத்தது. குளத்து மீனில் பெரியதை அப்பு எங்கள் குசினி வாசலில் போட்டுவிட்டு, "ஜிம்மிக்கு" என்பார். ஜிம்மிக்கு முள்ளுத்தான் போகும்.

என்னைப் பெண் கேட்டு உடையார்கட்டில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளையை எனக்கு முன்பே தெரியும். நெல் அரிவு வெட்டுக்கு எங்கள் பக்கம் வந்தவர். எவ்வளவு தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தப் பேச்சு முறிந்தால் நானும் ஒரு சைக்கிள் தேட வேண்டியதுதான்.

அன்று அம்மா ஒரு பிழை செய்தார். மரியாதையான ஆட்கள் வருகிறார்கள் என்று ஜிம்மியைக் குசினிக்குப் பின்னால் கட்டிவிட்டார்.

எல்லாரும் கதிரைகளில் அமர்ந்து தேத்தண்ணி குடித்தாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன், "அப்ப என்ன மாதிரி, பிள்ளையைத் தருவியளோ?" என்றார். சம்மதம் வீட்டில் மூத்தவர் வாயால் வரவேண்டும். அதை மகன் கேட்டு வாங்கவேண்டும். அப்பா நிலத்தைப் பார்த்தார். அப்புவும் அதே இடத்தைப் பார்த்தார். அங்கே நாய் இல்லை.

மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார். "விருப்பமில்லாத இடத்தில நாங்கள் ஏன் இருக்கவேணும்? வாங்கோ போவம்."

நான் பின்பக்கமாக ஓடிக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

ஜிம்மி பாய்ந்து வந்து நடுவில் படுத்தது. அப்பாவுக்கு மூச்சு வந்தது. "ஜிம்மி, பெட்டையைக் குடுக்கலாமோ எண்டு கேள்."

"ஜிம்மி, பெடியன் என்னத்தில வந்தவன் எண்டு கேள்" என்றார் அப்பு.

மாப்பிள்ளை கெட்டிக்காரன். எழுந்து நின்று நாயைப் பார்த்தே சொன்னார். "பஸ்ஸிலதான் வந்தனான் எண்டு சொல்லு, ஜிம்மி."

"அப்ப குடுக்கலாம்."

மாப்பிள்ளையின் தாய் திரும்பவும் கதிரையில் இருந்தார். "உந்த வீட்டில ஆரோட கதைக்கிறது எண்டதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ!"

நான் கலியாணம் முடித்து உடையார்கட்டுக்குப் போனேன். சில வருடத்தில் யுத்தம் வட்டக்கச்சி வாசலுக்கு வந்தது. அப்புவும் அப்பாவும் அம்மாவும் உழவு மிசினில் ஏறினார்கள். ஜிம்மி ஏற்ற ஏற்றக் குதித்து வளவுக்குள் ஓடியதாம். நிற்க நேரமில்லை, விட்டுவிட்டு வந்தார்கள்.

உடையார்கட்டில் என் முற்றத்தில் கட்டிய ஒரு தறப்பாளுக்குக் கீழே அப்புவும் அப்பாவும் இருந்தார்கள். அப்பு நேரே மகனின் முகத்தைப் பார்த்தார். "தம்பி, சாப்பிட்டியோ?"

அப்பா எழுந்து நின்றார். "இல்லை ஐயா. நீங்கள்?"

நாவலில் என்றால் இது சந்தோசமான இடம். அம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு வளவுக்குத் திரும்பினார்கள். வீடும் கட்டினார்கள். இன்னொரு ஜிம்மி மட்டும் வரவில்லை. அப்பு சாகும்வரை இருவரும் மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். நான் போய் நிற்கும் நாட்களில் கிணற்றடியில் கேட்கும். "நீங்கள் முதல் குளியுங்கோ ஐயா." "இல்லைத் தம்பி, நீ குளி." யாரோ அந்நியர் வீட்டுக்குள் வந்துவிட்டேனோ என்று இருக்கும்.