நான் முறுக்கிய ஒன்றரைச் சுற்று

மலை இறங்கும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என் ஜீப்பின் பிரேக் பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. பின்னால் ஏழு பேர். மிதித்தேன், மிதித்தேன், நாலாவது மிதிக்குத்தான் பிடித்தது. அதற்குள் வண்டி மண்மேட்டில் முட்டி நின்றிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கால் தானாக மிதித்தது.

பிரியமானவர்களே, நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சபையில் எழுந்து நின்று சொல்லக் கூச்சப்பட்டு இதை எழுதிக் கொடுக்கிறேன். பெயர் தேவராஜ். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பழைய ஜீப்பில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறேன். பிறவியிலேயே பயந்தவன். பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஜெபித்துவிட்டு, அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று மறுபடியும் ஜெபிப்பேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டுக் குப்பண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டிவிடும். என் வண்டிதான் அவருக்கு உயிர்.

“ஆண்டவரே, இறக்கத்தில் பிரேக் பிடிக்கணும். வேறெதுவும் வேண்டாம்.” இரண்டு வாரமாக இதே ஜெபம். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்தது.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் பாஷா பாய் என் வண்டியைப் பல வருஷமாகத் தெரிந்தவர். “இதுக்கு பூஸ்டர் வெச்சிடலாம்யா. மாஸ்டர் சிலிண்டரையும் மாத்திடலாம். நீ பாதி மிதிச்சா போதும், மீதிய அது மிதிக்கும்” என்றார். சேலத்தில் பழைய வண்டி பிரிக்கும் இடத்திலிருந்து பூஸ்டர் வந்தது. கருப்புச் சட்டி மாதிரி இருந்தது. இரண்டு நாள் வேலை. பூஸ்டருக்கும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ராடு. அதன் முனையைத் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பாய் அதைச் சரிபார்த்து, அந்த நீளத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். முனை சிலிண்டரைத் தொடாமல் துளி இடைவெளி இருந்தது.

“இன்னா பாய், கேப்பு வுட்டுட்டீங்க?”

“அது இருக்கணும்யா. கைய வெக்காத. வெச்சினா, நீ இன்னா ஜெபம் பண்ணாலும் நான் மலைக்கு வரமாட்டேன்.”

வியாழக்கிழமை மத்தியானம் வண்டி நன்றாகத்தான் வீடு வந்து சேர்ந்தது. எனக்குத்தான் மனசு சேரவில்லை. நிற்கிற வண்டியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்தேன். பெடல் முதலில் கொஞ்சம் சும்மா போனது. அந்தக் கொஞ்சம் என்னைத் தின்றது.

“நிக்கற வண்டிய எத்தினி வாட்டி மிதிப்பீங்க? எறங்கி வந்து சாப்டுங்க” என்றாள் என் மனைவி எஸ்தர்.

“இதோ வந்துக்கினே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி, முன்னால் இழுத்து, ராடை வெளியே திருகி நீளமாக்கி, மறுபடி பூட்டினேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேதான் திருகினேன். மறைக்க மாட்டேன். பெடல் கல் மாதிரி மேலேயே நின்றது. அப்புறம்தான் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை குப்பண்ணனும் அவர் மனைவி அஞ்சலை அண்ணியும் ஏறினார்கள். இறக்கத்துக்கு முன்னால் ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. அதில் வண்டி கனத்துக்கொண்டே வந்தது. முதல் கியருக்கு வந்துவிட்டேன். தீய்ந்த வாசனை.

“இன்னா தேவராசு, வண்டியும் என்னாட்டம் மூச்சு வாங்குது?” என்றார் குப்பண்ணன்.

“வாய மூடிக்கினு குந்துய்யா” என்றார் அண்ணி.

ஏற்றம் முடிந்த சமதளத்தில் வண்டி நின்றேவிட்டது. நகரவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. எதிரில் பத்தடியில் இறக்கம். குப்பண்ணனின் முகம் ஏற்கனவே வீங்கியிருந்தது.

வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். “பிடிக்கணும்னு கேட்டேன். பிடிச்சிக்கிச்சு. இப்ப விடமாட்டேங்குது. எனக்கு இனிமே கேட்கத் தெரியல ஆண்டவரே. நீங்களே பார்த்துக்குங்க.” அவ்வளவுதான் சொன்னேன். திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

போன் அடித்தது. மலையில் அந்தச் சமதளத்தில்தான் சிக்னல் கிடைக்கும். பாஷா பாய். தானாக யாருக்கும் போன் செய்கிற மனுஷன் இல்லை அவர்.

“வண்டி எப்பிடிய்யா இருக்குது?”

சொன்னேன். “அந்த ராட தொட்டியா?”

“இல்ல பாய்.”

“தேவராசு.”

“ஒரு சுத்து பாய்.”

“ஒரு சுத்தா?”

“ஒன்றரை.”

“யோவ், பிரேக்குனா புடிக்கறது மட்டுமா? வுடணும்யா! கேப்பு இல்லனா போன ஆயிலு திரும்பி வர வழியில்ல. நீ மிதிக்காமலே அது மிதிச்சிக்கினு கெடக்கும். மஞ்ச கோட்டுக்கே திருப்பு. ஆற வுடு. அப்பறம் தள்ளிப் பாரு.”

ஸ்பேனரை எடுத்து மஞ்சள் கோட்டுக்கே திருப்பினேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். நியூட்ரலில் போட்டேன். அஞ்சலை அண்ணி பின்னால் ஒரு கையை வைத்துத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. அந்த மெலிந்த கைக்கு நகர்ந்தது. நான் அழுதுவிட்டேன்.

சமதளத்திலேயே நாலு முறை ஓட்டி, மிதித்துப் பார்த்தேன். பிடித்தது, விட்டது. இரண்டாம் கியரில் மெல்ல இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதம்தான். “இப்பத்தான் ஒரு மிஷின் காலியாச்சு, சீக்கிரம் வாங்க” என்று நர்ஸம்மா குப்பண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டறையில் பாய் வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அந்தச் சூட்டுல எறங்கியிருந்தா ஆயிலு கொதிச்சி பெடலு சும்மா போயிருக்கும். மேலயே நிறுத்திச்சு பாரு, அது உன் வேலை இல்லய்யா.”

நான் கேட்டது இறக்கத்தில் பிடிக்க. ஆண்டவர் அதற்கு முன்னாலேயே பிடித்து நிறுத்தினார். நான் செய்த தப்பை வைத்தே நிறுத்தினார். அவருக்கே நன்றி.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். களைப்பும் இருக்கிறது. ஆனால் இப்போது ஒரு முறைதான் ஜெபிக்கிறேன். என்னைப் போல முறுக்கி முறுக்கி ஓய்ந்தவர்கள் உங்களில் இருந்தால், அவருக்குத் துளி இடம் விட்டுப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பேன். ஸ்பேனர் வீட்டில் எஸ்தரிடம் இருக்கிறது.