எதிர்க்கடையில் குட்டிப்பூனை

“இதென்னம்மா, பூனை?”

ஆல்பம் அச்சடிக்கும் லேபின் முதலாளி திரையில் விரலை வைத்துக் கேட்டார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சொடுக்கு அக்காவின் முகம் மாறியது.

திரையில் ஒரு கல்யாணப் படம். எதிர்த்தெரு ஸ்டூடியோ திருத்திக் கொடுத்தது. அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த வாடிக்கையாளர் ஒருவர், அச்சடிக்கச் சொல்லி இங்கே பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். படத்தின் ஓரத்தில், செய்த திருத்தம் ஒவ்வொன்றும் தனித்தனி லேயராக, அடுக்கடுக்காகப் பெயரோடு நின்றது. மஞ்சள் நீக்கம். கன்னத்து நிழல். கண் வெளிச்சம். அத்தனையும் அக்கா வைத்த பெயர்கள், அக்கா வைத்த வரிசை. எல்லாவற்றுக்கும் கீழே, எதுவுமே இல்லாத வெற்று லேயர் ஒன்று. அதன் பெயர் ‘குட்டிப்பூனை’.

“யாரோ விளையாட்டுக்கு வச்சிருப்பாங்க சார்” என்றாள். திரையிலிருந்து கண்ணை விலக்கிக்கொண்டாள்.

அவளுக்குச் சொடுக்கு அக்கா என்ற பெயர் வந்ததே, படம் திருத்த அவள் செய்துவைத்திருந்த மேக்ரோவால்தான். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த முகங்களெல்லாம் காமாலை வந்ததுபோல இருக்கும். மஞ்சளைப் போக்குகிறேன் என்று மற்றவர்கள் மாநிறக்காரர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அக்காவின் மேக்ரோ மஞ்சளை மட்டும் எடுத்துவிட்டு, பிறந்த நிறத்தைப் பிறந்தபடியே விட்டுவிடும். தான் செய்யும் வேலையை ஒருமுறை கம்ப்யூட்டருக்குச் செய்து காட்டிப் பதிந்துவைத்தாள். பிறகு ஒரே சொடுக்கு, எத்தனை படமானாலும் தானே செய்துகொள்ளும். லேபில் எல்லோரும் அதிசயப்பட்டு, அவளைச் சொடுக்கு அக்காவாக்கிவிட்டார்கள்.

மேக்ரோவில் ஒரு தொல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே உள்ள ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். ஒருவன் நகல் எடுத்தால் ஊரே எடுத்தமாதிரி. அதனால் கணினி தெரிந்த ஒருவரைப் பிடித்து, லேபுக்கு விற்ற பிரதிக்குப் பூட்டுப் போடவைத்தாள். ரகசியச் சொல் இல்லாமல் அது வாயே திறக்காது. அந்தச் சொல் முதலாளிக்கும், லேபில் மேக்ரோவை ஓட்டும் சிட்டு என்ற பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும்.

“சாவி இருந்தவதான் திறந்திருக்கணும்” என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தாமலே. “போன மாசம் அவ எதிர்க்கடைக்கு வேலை கேட்டுப் போனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”

சிட்டு அடுத்த மேசையிலிருந்து எழுந்து வந்தாள். மூக்குக் கண்ணாடிக்குள் கண்கள் குளமாகியிருந்தன.

“வேலை கேட்டுப் போனேன் சார். சம்பளம் பத்தலை, போனேன். அதுக்காகத் திருடுவேனா? அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாயங்காலத்துக்குள்ள உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்ற முதலாளி, அக்காவிடம் திரும்பினார். “நீங்க மனசைக் குழப்பிக்காதீங்க. திருட்டுக்கையை வெட்டியாச்சு. பேசினது பேசினதுதான். இனி வேற யாருக்கும் விக்காதபடி, மேக்ரோவோட மொத்த உரிமையும் நான் வாங்கிக்கறேன். மூடறதுக்குள்ள வந்து, ‘என் கையிலேர்ந்து வேற யாருக்கும் போகலை’ன்னு கையெழுத்துப் போட்டுட்டுக் காசோலையை வாங்கிக்கங்க.”

அக்கா படி இறங்கினாள்.

லேபுக்குக் கொடுத்த பிரதியில் பூனை கிடையாது. அவளே அழித்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்த அன்று மகள் மடியில் ஏறி உட்கார்ந்து, “என் பேரைப் போடும்மா” என்று அடம்பிடித்தாள். ஒரு வெற்று லேயரைத் திறந்து, மகளின் செல்லப் பெயரைத் தட்டினாள் அவள். பாழாய்ப்போன பதிவு அதையும் ஒரு படியாக எழுதிக்கொண்டது. விற்கும்போது அந்தப் படியை நீக்கிவிட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நீக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் மகளின் பெயர் எட்டிப்பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவைத்தாள்.

அப்படியென்றால் லேபின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. வீட்டுப் பிரதிக்கு அவள் பூட்டே போடவில்லை. சாமான் போனது அவள் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து. அந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடுகிற இன்னொரு கை ஒன்றே ஒன்றுதான்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தக் கை குழம்புச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவள் கணவன், லேபின் ஆல்பங்களை வேனில் ஏற்றி ஸ்டூடியோ ஸ்டூடியோவாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன், மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

“என்ன, முகமே சரியில்ல? காசோலை கிடைச்சுதா?”

“எதிர்த்தெரு ஸ்டூடியோவுக்கு என் மேக்ரோவைக் கொடுத்தீங்களா?”

“ஓ, அதுவா!” அவன் முகம் மலர்ந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “அங்க என்கூடப் படிச்சவன் இருக்கானே, தொப்பை! பொண்டாட்டி என்ன பண்றான்னு கேட்டான். சும்மா வாயால சொன்னா நம்புவானா? ஒரு பிரதி எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினேன். அப்படியே வாயைப் பொளந்துட்டான்டி! எனக்கு ஒரே பெருமை.”

“காட்டிட்டுக் கையோட கொண்டுவந்தீங்களா, விட்டுட்டு வந்தீங்களா?”

“கேட்டான், விட்டுட்டு வந்தேன். அதனால என்ன? ஏணியைக் கொடுத்தா நம்மகிட்ட ஏணி இருக்காது. இது உங்கிட்ட அப்படியேதானே இருக்கு?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேவலும் வார்த்தையுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். பூனையை, சிட்டுவை, கையெழுத்தை. கேட்கக் கேட்க அவன் கையிலிருந்த சட்டி மெல்லத் தாழ்ந்தது.

“நான் வாயைத் திறந்தா காசோலையும் போச்சு, உங்க வேன் ஓட்டமும் போச்சு. திறக்கலைன்னா அந்தப் பொண்ணு திருடி. அப்புறம் எந்தக் கடையில அவளை உள்ள விடுவாங்க? காலையில என்னைத்தான் பாத்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேங்க...”

அவன் சட்டியைக் கீழே வைத்தான். பிறகு, “அந்தக் காசுல முன்னறை ஒண்ணு வாடகைக்கு எடுத்து, உனக்குன்னு ஒரு மேசை போடணும்னியே” என்றான், யாரிடமோ சொல்வதுபோல.

“சொன்னேன்.”

பொழுது சாயும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளை லேபில் கொண்டுவிட அவன் வேன் சாவியை எடுத்தான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். எதற்காகப் போகிறாள், கையெழுத்துப் போடவா வேண்டாமென்று சொல்லவா என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தால் அல்லவா சொல்வாள்!

லேபில் சிட்டு தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், நாற்காலியில் போட்டு உட்காரும் சிறு மெத்தை, ஒற்றைக்கால் உடைந்த பழைய மூக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றாகப் பைக்குள் போனது. மற்றவர்கள் ஆளுக்கொரு திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கம்மா” என்று முதலாளி காகிதத்தை நீட்டினார். “இந்த இடத்துல.”

பேனாவை வாங்கினாள். மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். காகிதத்துக்கு அப்பால் அந்தச் சிறு மெத்தை தெரிந்தது. பைக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டு நின்ற அதைச் சிட்டு உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அது அடங்கவில்லை.

பேனா மேசைமேல் விழுந்தது.

“அந்தப் பூனை என் பொண்ணு சார்.”

“என்னது?”

“குட்டிப்பூனை எம் பொண்ணோட செல்லப் பேரு. என் வீட்டுப் பிரதியில மட்டும்தான் அது இருக்கு. உங்க பிரதியைத் திறந்து பாருங்க, இருக்காது. பூட்டை யாரும் உடைக்கலை. இது என் வீட்டிலேர்ந்து போனது.”

அறை முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது. முதலாளி எட்டிப்போய்ச் சிட்டுவின் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் போட்டுச் சொடுக்கினார். லேயர்கள் வரிசையாக வந்து நின்றன. பூனை வரவில்லை.

“வீட்டிலேர்ந்துன்னா யாரு? நீங்களா?”

‘நான்தான்’ என்று ஒரு சொல் சொன்னால் கணவனின் வேன் ஓட்டம் தப்பிக்கும். சொல்லிவிடலாம் என்று உதட்டைப் பிரித்த நேரத்தில், வாசலிலிருந்து குரல் வந்தது.

“நான்தான் சார் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாது.” செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நுழைபவனைப்போல நின்றான் அவள் கணவன். “திருடணும்னு கொடுக்கலை. என் பொண்டாட்டி செஞ்சதுன்னு காட்டறதுக்காகக் கொடுத்தேன்.”

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்து மேசைக்குள் தள்ளினார்.

“ஊர்ல இருக்கறதை நான் காசு கொடுத்து வாங்க முடியாதும்மா. வேன் சாவியை நாளைக்கு வேற ஆள்கிட்ட கொடுக்கறேன்.” பிறகு, யாரையும் பார்க்காமல், “சிட்டு, உக்காரு” என்றார்.

அக்கா அவளருகே போனாள். அந்தப் பெண் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாளோ என்னவோ. சிட்டு மெத்தையைப் பையிலிருந்து உருவி நாற்காலியில் போட்டு, தட்டி, உட்கார்ந்தாள்.

“காலையில பூனையைப் பாத்ததுமே உங்க முகம் மாறிச்சு. நான் பாத்துட்டேன்.”

“சிட்டு...”

“சாயங்காலம் வரைக்கும் நான் திருடியா இருந்தேன்க்கா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். “போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. ஏசி வெளியே போகுது.”

அக்கா கதவைச் சாத்தினாள். மெதுவாக, சத்தம் வராமல்.

வேனில் ஏறியதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிவைத்த அத்தனையும் வந்தது. அவன் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நாளைக்கு அது அவன் கையில் இருக்காது.

“நீ பூனையை எல்லாப் பிரதியிலேர்ந்தும் அழிச்சிருந்தீன்னா, யாருக்கும் தெரிஞ்சிருக்காதில்ல?” என்றான்.

“தெரிஞ்சிருக்காது. அந்தப் பொண்ணு திருடியாவே போயிருப்பா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே அழிக்கறதா இல்ல. இனி யாருக்கு வித்தாலும், ஒவ்வொருத்தர் பிரதிக்கும் ஒவ்வொரு பேரை உள்ள வைக்கப்போறேன். எங்க போய் நின்னாலும் யார் வீட்டிலேர்ந்து கிளம்பிச்சுன்னு அதுவே சொல்லட்டும்.”

“நம்ம வீட்டுப் பிரதிக்கு?”

“பூனையேதான். கம்ப்யூட்டருக்கும் புதுசாப் பூட்டு.”

அவன் தலையை ஆட்டினான். சற்றுப் பொறுத்து, குற்றவாளிக் குரலில், “தொப்பை மறுபடியும் ஏதாவது கேட்டா?” என்றான்.

“என் பொண்டாட்டியைக் கேளுன்னு சொல்லுங்க.”

அவன் வண்டியைக் கிளப்பினான்.