படத்தில் இல்லாத ஒரு செம்புத் தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள் நான். தொண்ணூறுகளில் ஆக்லாந்துக்கு வந்தபின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் ஆக்லாந்தின் ரானுயிப் பகுதியில் எங்கள் கிறிஸ்தவ சபையின் மிஷன் கூட்டத்தில் வெடித்திருக்க வேண்டும்.

சாம்பியாவில் ஒரு கிராமத்துக்கு எங்கள் சபை சோலார் பேனலும் தண்ணீர் பம்பும் அனுப்ப இருந்தது. பம்புக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தில் மருந்தகத்துக்கு விளக்கு எரியும். பொறுப்பாளர் ஓய்வு பெற்ற வெள்ளைக்கார என்ஜினியர், நல்ல மனிதர். பம்ப் பழுதானால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். நகரத்திலிருந்து மெக்கானிக் போவார் என்றார். எப்போது என்றேன். பாதை நன்றாக இருக்கும்போது என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இப்படித்தான் ஒரு மெக்கானிக்குக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. தண்ணீர் எடுக்கிற பெண்களே பம்பைக் கழற்றிப் பூட்ட வேண்டும், அதற்கு எழுத்தே இல்லாத படங்கள் வரைந்து தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஸ்பானரே பிடித்திராத மூன்று பெண்கள் படங்களை மட்டும் பார்த்துப் பம்பைப் பிரித்துப் பூட்டி ஓட்டிக்காட்டினால், பம்போடு படங்களும் பெட்டிக்குள் போகும்.

சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து எட்டுப் படங்கள் வரைந்தேன்.

"உம்மட பம்ப் கப்பலேறுமட்டும் நான் நிண்டுகொண்டுதான் சாப்பிடவேணும் போல," என்றார் கணவர்.

"ஓம், நிண்டே சாப்பிடுங்கோ. நல்லாச் செமிக்கும்," என்றேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் கராஜில் சோதனை. சபையிலிருந்து மூன்று யாழ்ப்பாணப் பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு நகரத்தில் வங்கி வேலை, மற்ற இருவருக்கும் முதியோர் இல்லத்தில். வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிரித்தார்கள், நீர் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றினார்கள், பூட்டினார்கள். டிரம்மிலிருந்து தண்ணீர் ஏறிப் பீறிட்டது. என்ஜினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அக்கா, இனிக் காரும் கழட்டலாம் போல கிடக்கு," என்றாள் வங்கிக்காரி. அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

பம்ப் கப்பலேறியது. என்ஜினியரே போய் நிறுவிவிட்டு வந்தார். சில மாதங்களில் இன்னொரு கிராமத்துக்காக இரண்டாவது பம்ப் வாங்கினோம். சபைச் செயலாளர், ஆக்லாந்திலேயே பிறந்து குழாய்த் தண்ணீரில் வளர்ந்த வெள்ளைக்கார அம்மா, தானும் பூட்டிப் பார்க்கிறேன் என்றார். ஒரு படம் விடாமல் அப்படியே செய்தார். சுவிட்சைப் போட்டதும் பம்ப் கிறீச்சிட்டது. சீல் கருகி நாறியது.

அப்போதுதான் விளங்கியது. ஓட்டுவதற்கு முன் பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அது உறிஞ்சாது, காய்ந்து கருகும். அதை நான் வரையவே இல்லை. தோட்டக் கிணறுகளில் மெஷின் போட்டு இறைப்பதைப் பார்த்து வளர்ந்த எங்கள் மூன்று பெண்களும், படத்தில் இருக்கிறதா என்று பார்க்காமலே ஒரு செம்பு தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கும் என்ஜினியருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

சாம்பியாவில் என் படங்களை நம்பிப் பூட்டினால் பம்ப் நின்றுவிடும், அந்தப் பெண்கள் மறுபடி ஆற்றுக்கு நடப்பார்கள். அன்றே விடுபட்ட படத்தை வரைந்து அங்குள்ள மிஷன் அலுவலகத்துக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். மறுநாள் தபாலிலும் ஒன்று. மெக்கானிக்கை நம்பாதீர்கள் என்று சண்டை பிடித்தவளை நம்பினால் இந்தக் கதி என்று வெட்கமாக இருந்தது. பதில் வரும்வரை வாரம் ஒன்றாக அனுப்புவதென்று முடிவுசெய்து, அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே என் படங்களின் நகலும் அங்குள்ள மிஷன் ஊழியரின் கடிதமும். நகலில் எண்ணெய் விரல் தடங்கள்கூடக் கறுப்பாக விழுந்திருந்தன. குழாயில் மண் அடைத்திருக்கிறது. பெண்களே பம்பைப் பிரித்துத் துடைத்து, படங்களின்படி பூட்டியிருக்கிறார்கள். அது கிறீச்சிட்டுச் சீல் கருகியிருக்கிறது. அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. மறுபடி பிரித்து, ஆறாம் படத்தைப் பார்த்து, பெட்டியில் வந்த மாற்றுச் சீல் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். என்ஜினியர் முதல்நாள் தண்ணீர் ஊற்றியது அவர்களில் ஒருத்திக்கு ஞாபகம் வந்திருக்கிறது. என் ஃபாக்ஸ் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஏழாம் படத்துக்கும் எட்டாம் படத்துக்கும் நடுவே புதிதாக ஒரு பென்சில் படம் இருந்தது. தலையில் துணி கட்டிய ஒரு பெண் குடத்தைச் சாய்த்துப் பம்புக்குள் நீர் ஊற்றுகிறாள். மேசை முன் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இரண்டாவது கிராமத்துக்கு ஒன்பது படங்கள் போயின. நான் வரைந்த செம்புப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் படத்தையே வைத்தேன். குடத்தைப் பிடித்த கைக்கு மூன்றே விரல்கள். நான் திருத்தவில்லை.