மாதையன் கையில் ஒட்டிய வில்லை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று அரூர்ப் பக்கம் எனக்கு நாற்பது ஏக்கர் மாந்தோப்பு. அறுபத்தெட்டு வயதில் ஒரு மாத்திரை தொட்டதில்லை. சர்க்கரை அளக்கப் புதுக்கருவி செய்யும் கல்லூரிக்காரர்கள், நோயில்லாத ஆளும் ஒருவர் சோதனைக்கு வேண்டும் என்று என்னைத்தான் தேடி வந்தார்கள்.

காசு அளவு வில்லையைக் கையில் ஒட்டிக்கொண்டால், அது சர்க்கரையை அளந்து அவர்கள் போனுக்கு அனுப்பும். சரிபார்க்க, தினமும் விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தும் சொல்ல வேண்டும்.

வில்லையைப் பார்ப்பவர்கள் எனக்கும் சர்க்கரை என்று பேசுவார்களே. தோப்பில் வேலை செய்யும் மாதையன் கையில் அதை ஒட்டிவிட்டேன்.

"என்னாத்துக்குங்க இது?"

"ஒடம்புக்கு நல்லதுடா, சும்மா இரு."

விரல் ரத்தம் மட்டும் என்னுடையது.

நாலாம் நாள் கல்லூரிப் பெண் போன் செய்தாள். "வில்லை நானூறு காட்டுதுங்க ஐயா. விரல்ல நூத்திப்பத்துதான். எங்க கருவிதான் தப்புன்னு நெனைக்கிறோம்."

"ஆமாம்மா, உங்க மெசினு சரியில்ல," என்றேன்.

அது யாருடைய சர்க்கரை என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் திருட்டுத்தனம் வெளியே வரும். மாதையனிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் அவன் காலில் முள் குத்திய புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சக்கர இருந்தது எனக்கே தெரியலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சும்மா வுட்டிருப்பீங்களா?" என்றான்.

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, கருவி சரியாகத்தான் சொன்னது என்று நடந்ததைச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். மாதையனிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.