அண்ணியின் கட்டில் கம்பி

எங்கள் வீட்டில் பகல் என்பது அண்ணி தூங்கும் நேரம். ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து வந்து, கொண்டையைக்கூட அவிழ்க்காமல் படுத்துவிடுவாள். ஜன்னலில் நீலப் போர்வை ஒன்று தொங்கும். அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் அறை குளத்தின் அடி மாதிரி இருக்கும். நான் தையல்காரி. மெஷினைக் கூடத்தின் கோடிக்குத் தள்ளிவைத்துக்கொண்டு பூனை மாதிரி மிதிப்பேன். அண்ணன் பஸ் டிரைவர். ஊருக்கெல்லாம் ஹாரன் அடிக்கிறவன், வீட்டுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பான். அவர்கள் மகள் வாலு மட்டும்தான் யார் சொன்னாலும் கேட்காத பிறவி. அவளும் அந்த நீலத்துக்குள் போனால் அடங்கிவிடுவாள். அம்மா பக்கத்தில் படுத்து, அம்மா தூக்கத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மூணாம் பெட்டுக்கு பாட்டில் முடியப்போகுது" என்பாள் அண்ணி, கண்ணைத் திறக்காமல்.

"மாத்திட்டேன் சிஸ்டர்" என்பாள் வாலு.

அண்ணி முகத்தில் நிம்மதி வரும். திரும்பிப் படுப்பாள். எது கனவு, எது நனவு என்று சில நாள் எனக்கே குழம்பும்.

நாத்தனார் என்றால் அண்ணியிடம் குறை கண்டுபிடித்தாக வேண்டும் என்பார்கள். நானும் என்னாலானதைச் செய்து பார்த்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள், அவ்வளவுதான் சிக்கியது. மற்றபடி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் விடவே மாட்டாள். அது குறையா குணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பழக்கம் வார்டில் வந்தது.

பகல் டூட்டி நாட்களில் நான் சாப்பாடு கொண்டுபோவேன். வாலுவும் ஒட்டிக்கொள்வாள். அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. டூட்டி மாறும்போது, போகிற நர்ஸ் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். படுத்திருப்பவரைப் பற்றி வருகிற நர்ஸிடம் எல்லாம் சொல்வாள். காய்ச்சலும் மருந்தும் மட்டுமில்லை, "இவருக்கு ஊசின்னா பயம், பேச்சுக் குடுத்துக்கிட்டே போடு" என்பதும் அதில் சேரும். கேட்டு முடித்தவள் தானும் கம்பியைப் பிடித்து "நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முதல் கை விடும். வாலு இதை வாய் பிளந்து பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் தன் பொம்மைகளை எனக்கு இப்படித்தான் ஒப்படைப்பாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய இரும்புக் கட்டிலில்தான் அவள் படுப்பதும், எனவே கம்பிக்குப் பஞ்சமில்லை.

பிறகு, வருகிற கைகள் குறைய ஆரம்பித்தன. தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து பளபளப்பான படங்களைக் காட்டினார்கள். ஒரு நாடு ஏரிக்கரையில் ஆஸ்பத்திரி என்றது. இன்னொரு நாடு தங்குவதற்கு வீடு தருகிறேன் என்றது. மூன்றாவது நாடு, எங்கள் பாஷையை நாங்களே சொல்லித் தருகிறோம், வந்தால் போதும் என்றது. எங்கள் நர்ஸுகளுக்காக இத்தனை நாடுகள் முட்டி மோதிக்கொள்ள, எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் பறந்தார்கள். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒப்படைக்க ஆள் வராது. அடுத்த ஆள் வராவிட்டால் இருக்கிறவளே தொடர்ந்து நிற்க வேண்டும், அதுதான் டபுள் டூட்டி. "அம்மா எங்கடி?" என்று யார் கேட்டாலும் வாலு "டபுள் டூட்டி" என்பாள், அது ஏதோ ஊர்ப் பெயர் போல.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"கனவு கண்டேன். வார்டுல நாலே நாலு பேரு. நாலு பேரோட பேரும் எனக்குத் தெரியுது."

"நல்ல கனவுதானே அண்ணி, எதுக்கு அழறீங்க?"

"அந்த ஏரிக்கரை ஆஸ்பத்திரில நெசமாவே அப்படித்தானாம். ஒரு நர்ஸுக்கு நாலு பேரு. வரேன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஊரான் பெத்ததைப் பாக்கப் போறீங்க. நீங்க பெத்தது?"

"ரெண்டு வருஷத்துல குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்னு சொல்றாங்க."

"நரம்பில்லாத நாக்கு, என்ன வேணாலும் சொல்லும்."

போர்வைக்கு வெளியே அவள் பாதங்கள் தெரிந்தன, வீங்கி, செருப்பின் வார் தடம் பதிந்து. நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

கிளம்புகிற அன்று காலை வாலு கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணி கால்மாட்டில் போய் நின்றாள். முத்தம் கொடுப்பாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கை தானாகக் கம்பியைப் பிடித்தது.

"வயசு ஏழு" என்றாள் வார்டுக் குரலில். "காய்ச்சல் வந்தா முதல்ல காது சிவக்கும். பால்ல ஏடு இருந்தா குடிக்க மாட்டா. இடி இடிச்சா பயம் இல்லம்பா, பயம் உண்டு. பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவா."

நான் கம்பியைப் பிடித்து "நான் பாத்துக்கறேன்" என்றேன். கார் ஹாரன் அடித்தது. அவள் கை விட்டது.

வாலு அழவே இல்லை. அண்ணன்தான் தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்து வீட்டுக்காரி "என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பொண்ணுக்கு!" என்றாள். சாயங்காலம் பார்த்தால் வாலு முகம் கழுவி, தலைவாரி, வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உள்ள வாடி."

"அம்மா வந்ததும் எல்லாத்தையும் சரியா சொல்லணும் அத்தை. மத்தியானம் நான் சோத்துல பாதி வச்சிட்டேன். அதையும் சொல்லணும்."

ஒப்படைத்துவிட்டுப் போகிற நர்ஸ் அடுத்த டூட்டிக்குத் திரும்பி வருவாள். வாலு வார்டில் கண்டது அதுதான். அண்ணி அழுதுவிட்டுப் போயிருந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இவளுக்கு வார்டுப் பழக்கம்.

"அம்மாவுக்கு இது நீள டூட்டிடி" என்றேன். வேறு என்ன சொல்ல?

நீள டூட்டி நீண்டது. எங்கள் சாயங்காலங்களில் போனில் அண்ணி வருவாள். அவள் பின்னால் ஜன்னலில் பனி கொட்டும், சத்தமே இல்லாமல். வாலு நீலப் போர்வை தொங்கும் அறைக்குள் போனை எடுத்துக்கொண்டு போய், ஜன்னலோரத் தாத்தா சாப்பிட்டாரா, பாட்டுப் பாடும் பாட்டிக்குத் தூக்கம் வந்ததா என்று விசாரிப்பாள். அண்ணி பார்க்கிற நாலு பேரும் அவளுக்கு மனப்பாடம். சில சமயம் அந்த நாலு கட்டில்களும் எங்கள் வீட்டுக்குள்ளேயே மிதந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். ரெண்டு வருஷம் முடிகிற நேரத்தில் அந்த நாட்டில் சட்டம் மாறியது. நர்ஸ் வரலாம், நர்ஸின் பிள்ளை வர முடியாது. அண்ணிக்குக் கொஞ்ச நாள் லீவு மட்டும் கிடைத்தது.

வந்தாள். மறுநாள் பகல் முழுக்கத் தூங்கினாள். நாங்கள் பழையபடி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். வீட்டுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. அண்ணி எழுந்ததும் வாலு அவளையும் என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலருகே நிறுத்தினாள். தான் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினாள். அவள் கால் இப்போது கம்பியை எட்டிவிட்டது.

"சொல்லு அத்தை."

நான் கம்பியைப் பிடித்தேன். "வயசு ஒம்பது. ஏட்டை இப்ப வழிச்சுத் திங்கறா. இடிக்கு நெசமாவே பயமில்ல. பொய் சொன்னா மூக்கைச் சொறியறதில்ல, அதனால எப்பச் சொல்றான்னு தெரியல. சாயங்காலம் வாசல்ல உக்கார்றதை விட்டுட்டா."

சொல்லி முடித்துக் காத்திருந்தேன். அண்ணியின் கை மேலே வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பார்த்துக்கொள்ள முடியாத ஒரு கட்டிலிலும் அவள் "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதில்லை. திரும்பிப் போகிற டிக்கெட் பெட்டிக்குள் இருந்தது.

வாலு ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அடுத்த ஆள் வரலன்னா இருக்கறவங்கதான் டபுள் டூட்டி பாக்கணும். தெரியாதா அத்தை?" என்றாள். "கம்பியை விட்டுடாத."